முதற்பக்கத்துக் கடனாளி

கணக்கில் பிழை இருந்திருந்தால் நான் ஊர் போய்ச் சேர்ந்திருப்பேன். பிழை என்றால் தேடலாம், கண்டுபிடிக்கலாம், அடித்துத் திருத்தி ஓரத்தில் கையெழுத்திடலாம். பிழையே இல்லாத கணக்கு ஒன்று என்னைக் கடலுக்கு இப்பால் பிடித்து நிறுத்தியது என்று சொன்னால், அந்நாளில் எங்கள் தெருவில் இருந்தவர்கள் மட்டுமே நம்புவார்கள். அவர்களில் இன்று என்னைத் தவிர எவரும் இல்லை.

இருபதாம் நூற்றாண்டு பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. சிங்கப்பூர் ஆற்றுக்கு அருகில், மார்க்கெட் ஸ்திரீட்டில், எங்கள் சமூகத்தார் வட்டிக்கடை நடத்திய நீண்ட கூடம் ஒன்றில் நான் இருந்தேன். கிட்டங்கி என்போம். ஒரே கூரையின் கீழ்ப் பல கடைகள்; இடையில் சுவரோ தடுப்போ கிடையாது. ஒவ்வொரு கடைக்கும் தரையில் ஒரு பாய் அகலம் இடம். அதில் சாய்ந்த மூடியுடைய மேசைப்பெட்டி ஒன்று, பின்புறம் இரும்புப்பெட்டி ஒன்று. பகலில் அங்கே அமர்ந்து வியாபாரம்; பொழுது சாய்ந்தால் பெட்டியை ஒதுக்கிவிட்டு அங்கேயே படுக்கை. மூன்று ஆண்டுகள் அந்தப் பாயின் மேல் என் வாழ்வு நடந்தது.

மூன்று ஆண்டு என்பது எங்கள் வழக்கம். ஊரிலிருக்கும் முதலாளிக்காக அக்கரையில் கடையை நடத்துபவர், தவணை முடிந்ததும் அடுத்து வருபவரிடம் கணக்கை ஒப்படைக்க வேண்டும். வந்தவர் ஒவ்வொரு பேரையும் பார்த்து, ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட பின்பே முன்னவர் கப்பலேறலாம். கடையின் பாக்கி தம் பேரில் நிற்கக் கப்பலேறியவர் எவரும் இல்லை. சம்பளத்தில் பெரும்பகுதியை முன்னதாகவே கொடுத்துவிடுவார்கள். என் சம்பளத்தை என் தந்தையார் வாங்கித் தமக்கையின் கல்யாணத்தில் செலவிட்டாயிற்று. ஆகவே எனக்கு வரவேண்டியது என்று கடையில் ஒன்றும் இல்லை. எனக்கு வரவேண்டியதெல்லாம் ஊரில்தான் இருந்தது.

நான் புறப்பட்டபோது என் மனைவி கருவுற்றிருந்தாள். பெண் பிறந்ததைக் கடிதத்தில் அறிந்தேன். பல் முளைத்ததும், நடை பழகியதும் கடிதத்திலேயே நடந்தன. கடைசியாக வந்த கடிதத்தில், முற்றத்தில் எந்த ஆணின் நிழல் விழுந்தாலும் குழந்தை தகப்பனைத் தேடி ஓடிவந்து, "அப்பச்சியா?" என்று கேட்பதாக என் தாயார் எழுதச் சொல்லியிருந்தார். நாகப்பட்டினக் கப்பலில் எனக்கு இடம் சொல்லி வைத்திருந்தது. பெட்டி கட்டியாயிற்று. என் இடத்துக்கு வரவேண்டியவரும் வந்து இறங்கினார்.

அவரைப் புதியவர் என்றே குறிப்பிடுகிறேன். என்னிலும் மிக மூத்தவர். ரங்கூனிலும் பினாங்கிலும் கடை நடத்தியவர். விபூதி கலையாத நெற்றி. எதையும் இரண்டு முறை தொட்டுப் பார்த்தே நம்புகிறவர். கெட்டவர் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சண்டையிடவேனும் ஒருவர் கிடைத்திருப்பார்.

எங்கள் பேரேட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கடையோடு கொடுக்கல் வாங்கல் உள்ள ஒவ்வொருவருக்கும் பேரேட்டில் ஒரு பக்கம் உண்டு. பக்கத்தை நடுவில் மடித்து இரண்டாக்குவோம். இடப்பாதி வரவு, வலப்பாதி பற்று. ஒருவர் நமக்குக் கொடுத்தால் அவர் பேரில் வரவு எழுதுவோம். நம்மிடமிருந்து பெற்றால் அவர் பேரில் பற்று எழுதுவோம். கொடுத்ததே மிகுந்து நின்றால் நாம் அவருக்குத் தரவேண்டும். பெற்றதே மிகுந்து நின்றால் அவர் நமக்குத் தரவேண்டும். ஒரு தொகை எழுதினால் அதற்கு எதிர்த்தொகை இன்னொரு பக்கத்தில் எழுதப்பட்டே தீரும். தவணை முடிவில் எல்லாப் பேரின் நிலுவைகளையும் ஒரே தாளில் திரட்டுவோம். அதற்கு ஐந்தொகை என்று பெயர். வரவு நிற்பவை எல்லாம் கூட்டினால் வருவதும், பற்று நிற்பவை எல்லாம் கூட்டினால் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும். பற்று என்னும் சொல்லை வைத்துக்கொண்டு மேடையில் உருகுகிறவர்களை நான் கேட்டிருக்கிறேன். எங்களுக்கு அது வலப்பக்கத்தின் பெயர், அவ்வளவே.

என் ஐந்தொகை காசு பிசகாமல் நேர்நின்றது. புதியவர் ஒவ்வொரு பேராகப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டே வந்தார். தவுக்கே எனப்படும் சீன முதலாளிகள், மாட்டு வியாபாரிகள், சுண்ணாம்புக் காளவாய்க்காரர்கள், வங்கி. எல்லாம் முடிந்தது. பேரேட்டின் முதற்பக்கத்தை மட்டும் அவர் கடைசிக்கு வைத்திருந்தார். அது முருகப்பெருமானின் பக்கம். எங்கள் கடை எதிலும் முதற்பக்கம் அவனுக்கே. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலிலும் ஒரு சிறு தொகையை மகமை என்று எடுத்து அவன் பேரில் வரவு வைப்போம். கோயில் காரியம் வரும்போது அதிலிருந்து கொடுப்போம். 'மங்களமாக முடிப்போம்' என்று சொல்லிக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு புதியவர் அந்தப் பக்கத்தைத் திறந்தார்.

திறந்தவர் பேரேட்டை என் பக்கம் திருப்பினார்.

"தம்பி, இது என்ன?"

"முருகன் பேரு, அண்ணே."

"அது தெரியுது. எந்தப் பக்கம் கூடி நிக்குது?"

"பற்றுப் பக்கம்."

"அப்ப முருகன் நமக்குத் தரணுமா?"

"கணக்குப்படி ஆமாண்ணே."

அவர் விரல் கீழிறங்கிக் கடைசி வரியில் நின்றது. "வட்டியும் போட்டிருக்கீக."

"எல்லாப் பேருக்கும் போட்ட வட்டிதான். கூட ஒரு காசு போடல."

அடுத்த பாயில் கடை வைத்திருந்தவர் பொடி போடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். பருத்த உடல், எதையும் விளையாட்டாக்கும் வாய். "என்னது, முருகன்கிட்ட வட்டி வசூலா? சாமிக்குச் சலுகை கூடக் கிடையாதா? கடைக்காரருன்னா இப்படி இருக்கணும்யா!" என்றார். அந்த நீண்ட கூடத்தில் ஒரு கடையில் சொன்ன சொல் கடைசிக் கடை வரையில் போகும். சிரிப்பும் அப்படியே போயிற்று.

நடந்தது இதுதான். தைப்பூசத்துக்குத் தேரை வெளியில் எடுத்துப் பார்த்தபோது அச்சு விண்டிருந்தது. அந்த ஆண்டு கோயில் காரியம் பார்க்கும் முறை எங்கள் கடைக்கு வந்திருந்தது. தெருவார் கூடினார்கள். பர்மாத் தேக்கில் புதிய அச்சும் சக்கரங்களும் செய்யச் சொல்லுங்கள், முறைக்காரர் இப்போது கொடுத்துவிடட்டும், எல்லாக் கடையும் தங்கள் மகமையிலிருந்து பங்கு தரும் என்று ஒருமுகமாகச் சொன்னார்கள். சிராங்கூன் சாலையில் வண்டிச்சக்கரம் செய்பவரிடம் சொல்லிச் செய்தோம். கூலியும் மரத்தின் விலையும் நான் கொடுத்தேன். முருகன் பேரில் பற்று எழுதினேன். பற்று எழுதுவது புதிதன்று. அபிஷேகத்துக்கும் பூவுக்கும் என்று எப்போதும் எழுதுவதுதான். வலப்பக்கத்தில் ஒரு தொகை எழுதுவது வேறு. வலப்பக்கமே விஞ்சி நிற்பது வேறு. இம்முறை விஞ்சிவிட்டது. தெருவார் பங்கு வந்தால் சரியாகிவிடும் என்றிருந்தேன். ஈய விலை விழுந்தது; சுரங்கக்காரர்களுக்குக் கொடுத்த கடன் எந்தக் கடைக்கும் திரும்பவில்லை, பங்கும் வரவில்லை.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு, அண்ணே. கையெழுத்துப் போடுங்க" என்றேன்.

"சரியாத்தான் இருக்கு தம்பி. அதான் பயமா இருக்கு."

அவர் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. புதிய தவணைக்குப் புதிய பேரேடு. அதற்கு மஞ்சள் தடவி, முதற்பக்கத்தில் முதல் வரியாக முருகன் பேரை எழுதி, பழைய பேரேட்டில் நின்ற தொகையைக் கொண்டுவர வேண்டும். அது இதுவரை எக்கடையிலும் வரவாகவே வந்திருக்கிறது. முருகனுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்ற வரியோடு தவணை தொடங்கும். இப்போதோ முருகன் நமக்குக் கடன்பட்டிருக்கிறான் என்று தொடங்க வேண்டும்.

"புதுப் பேரேட்டுக்கு மஞ்சள் வச்சு, முதல் வரியா முருகன் பாக்கி தரணும்னு என் கையால எழுதுவேனா? நான் பிள்ளைகுட்டிக்காரன் தம்பி."

"நானும் பிள்ளைக்காரன்தாண்ணே" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

சிறுவயது முதல் எனக்குப் பதிகங்கள் மனப்பாடம். மாலைதோறும் கோயிலுக்கு நடந்து போய்ச் சந்நிதியில் நின்று ஓதுவேன். எனவே அந்த வழியாக வாதாடிப் பார்த்தேன். அடியார்கள் ஆண்டவனிடம் பொன் கேட்டிருக்கிறார்கள், நெல் கேட்டிருக்கிறார்கள், கொடுக்காதபோது வைதும் இருக்கிறார்கள். நீ எனக்குத் தரவேண்டியவன் என்று முகத்துக்கு நேரே சொல்ல அவர்கள் கூசவில்லையே என்றேன்.

புதியவர் பொறுமையாகக் கேட்டார். "பாட்டுல பாடலாம் தம்பி. ஊருக்கு அனுப்புற ஐந்தொகையில எழுத முடியுமா?"



வழிகள் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கடையின் செலவு என்று எழுதினால் முருகன் பக்கம் நேராகிவிடும். ஆனால் அது முதலாளியின் நட்டம். அவர் சொல்லாமல் எழுத எங்கள் இருவருக்கும் அதிகாரம் இல்லை. பக்கத்துப் பாய்க்காரர் தம் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார்.

"அனாமத்துல போட்டுருங்கய்யா. யாரு பேருன்னு தெரியாத தொகையெல்லாம் அதுலதானே கிடக்குது."

"முருகனை அனாமத்துல போடச் சொல்றீங்களா?" என்று புதியவர் காதைப் பொத்திக்கொண்டார்.

மூன்றாவது வழியை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கொடுத்த கை என் கை. என் பேரில் எழுதிவிட்டால் முருகன் விடுபடுவான். என் பேரில் பாக்கி நிற்கும். நான் கப்பலேற முடியாது. புதியவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு பார்வையை இரும்புப்பெட்டியின் பூட்டுக்கு மாற்றிக்கொண்டார். ஊருக்கு எழுதிக் கேட்போம் என்று முடிவாயிற்று. கடிதம் போன கப்பலும் நான் போகவேண்டிய கப்பலும் ஒன்றே. கட்டிய பெட்டியோடு நான் கரையில் நின்றேன். கடிதம் ஊருக்குப் போயிற்று.

அதன்பின் வந்த நாட்களைச் சிறை என்று சொன்னால் மிகை. கதவு எதுவும் பூட்டப்படவில்லை. ஆனால் ஒரு பாய் அகலத்தில் இரண்டு கடைக்காரர்கள் இருந்தோம். மேசைப்பெட்டியின் முன் அவர் அமர்ந்தார். நான் இரும்புப்பெட்டிக்கும் அவர் முதுகுக்கும் இடையில் பக்கவாட்டில் ஒடுங்கினேன். பழைய பேரேடு முடிந்துவிட்டது. அதில் இனி எழுதக் கூடாது. புதியது தொடங்கவில்லை, அதில் இன்னும் எழுத முடியாது. வருகிறவர்கள் கொண்டுவந்த பணத்தையும் வாங்கிப்போன பணத்தையும் துண்டுத்தாளில் குறித்து ஒரு கம்பியில் குத்தி வைத்தோம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத கொடுக்கல் வாங்கல்கள் அந்தக் கம்பியில் நாளுக்கு நாள் உயர்ந்துகொண்டிருந்தன. வாடிக்கைக்காரர்கள் யாரிடம் பேசுவது என்று தெரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஆற்றுப் படகுகளின் கூச்சல் கேட்கும். கப்பல் சங்கு கேட்கும். எது எந்தத் திசைக்குப் போகிற கப்பல் என்று சங்கின் ஒலியிலேயே தெரிந்துகொள்ளும் அளவுக்குக் காது கூர்மையாகிவிட்டது.

தெருவில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினேன். பங்கைக் கொடுங்கள் என்றேன். ஒருவரும் மறுக்கவில்லை, மறுத்திருந்தால் வேறு ஏதேனும் செய்திருக்கலாம். இப்போது கையில் இல்லை, ஈயம் ஏறட்டும் என்றார்கள். அதோடு, என் முகவாட்டத்தைக் கண்டு, ஆறுதலுக்காகத் தங்கள் பேரேட்டின் முதற்பக்கத்தைத் திறந்து காட்டினார்கள். ஒவ்வொரு கடையிலும் முருகன் பேரில் வரவு கொழுத்து நின்றது. "பாத்தீகளா, எங்க கடையில முருகனுக்கு எவ்வளவு நிக்குதுன்னு!" என்று பெருமையோடு சொன்னார்கள். எங்கள் கடையில் மட்டும் அவன் கடனாளியாக நிற்கிறானே என்று நானும் அவர்கள் முன் நாணித் தலைகுனிந்து வந்தேன். பல ஆண்டு பேரேடு எழுதியவன் நான். கை அறிந்திருந்ததைக் கருத்து அறிந்திருக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சிராங்கூன் சாலைக்குப் போனேன். நாங்கள் பணம் போட்டுவைக்கும் வங்கியில் எழுத்தராக இருந்த யாழ்ப்பாணத்தவர் ஒருவர் அங்கே குடியிருந்தார். மாட்டுக் கொட்டில்களுக்குப் பின்னால், சேறு காயாத ஒரு சந்தில் வீடு. எருமைகளின் நெடியும் சுண்ணாம்புக் காளவாயின் புகையும் அங்கே சாம்பிராணியோடு கலந்தே இருக்கும். சைவ நெறி பிறழாதவர். வெள்ளிதோறும் அவர் வீட்டில் நாலைந்து பேர் கூடிப் பதிகம் ஓதுவோம். அன்று ஓதும்போது இரண்டு முறை அடி தவறினேன். மற்றவர்கள் போனபின் என்ன என்று கேட்டார். சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "உங்கட கடைக் காசு எங்கட வங்கியிலை கிடக்குதுதானே. உங்கட புத்தகத்திலை வங்கியின்ரை பேரிலை என்ன நிக்குது?"

"பற்று. வங்கி எங்களுக்குத் தரணும்."

"எங்கட புத்தகத்திலை உங்கட பேரிலை என்ன நிக்குது தெரியுமோ? வரவு. ஏனெண்டால் உங்கட காசை நாங்கள் வைச்சிருக்கிறம். கேட்ட நேரம் திருப்பித் தரவேணும். வரவு பெருத்து நிக்குதெண்டால் எங்கட துரைக்கு அது சந்தோசமில்லை ஐயா, பொறுப்பு. ஒரே காசுதான். ரெண்டு கதிரையிலை இருந்து பார்க்கிறம்."

அவர் எழுந்து எனக்குத் தேநீர் ஊற்றப் போனார். கதிரை என்பது அவர்கள் பேச்சில் நாற்காலி. நான் அந்தச் சொல்லோடு தனியே இருந்தேன்.

தெருவின் எல்லாக் கடைகளிலும் முருகன் பேரில் நின்ற வரவு, அவனுக்கு அவர்கள் கொடுத்தது அன்று, கொடுக்காமல் வைத்திருப்பது. எங்கள் கடையில் நின்ற பற்று, அவன் பட்ட கடன் அன்று. மற்றவர்கள் வைத்திருப்பதை நாங்கள் முன்னதாகக் கொடுத்துவிட்டதன் அடையாளம். தெருவின் பேரேடுகளை எல்லாம் ஒன்றாகத் தைத்துப் பார்த்தால் முருகன் எவருக்கும் கடனாளி அல்லன். ஆனால் பேரேடுகளை எவரும் ஒன்றாகத் தைப்பதில்லை. அவரவர் நாற்காலியில் அமர்ந்து அவரவர் பக்கத்தைப் பார்க்கிறார்கள்; அவனைத் தொழுவதும் அந்த நாற்காலியிலிருந்தே.

விடிந்ததும் பக்கத்துப் பாய்க்காரரிடம்தான் முதலில் சொன்னேன்.

"அண்ணே, காசே வேண்டாம். உங்க பேரேட்டுல முருகன் பேர்ல உங்க பங்கைப் பற்று எழுதுங்க, எங்க கடை பேர்ல வரவு எழுதுங்க. நாங்க முருகனுக்கு வரவு எழுதி, உங்க பேர்ல பற்று எழுதிக்கிறோம். ஈயம் ஏறுனதும் எங்களுக்குத் தாங்க. முருகன் இப்பவே விடுபட்டுருவாரு. நானும் ஊருக்குப் போயிருவேன்."

அவர் பொடி டப்பாவை மூடினார். "முருகன் வரவைக் குறைக்கச் சொல்றீகளா? அந்தப் பக்கம் பாக்கவே அம்சமா இருக்கய்யா. காலையில அதைத் திறந்து ஒரு கும்பிடு போட்டாத்தான் எனக்கு யாவாரமே ஓடுது."

"அது நீங்க குடுக்காம வச்சிருக்கறது, அண்ணே."

சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்னபின் தோன்றியது. அவர் முகத்தில் சிரிப்பு நின்று, மெல்லத் திரும்பிவந்தது. "வாய் நீண்டுருச்சு. ஊர்ப் பயணம் தள்ளிப்போன சூடு, தெரியுது. சரி, எல்லாரும் எழுதட்டும், நானும் எழுதிர்றேன். முதல் ஆளா நான் எழுத மாட்டேன்."

எல்லாரிடமும் போனேன். எல்லாரும் அதையே சொன்னார்கள். முருகன் வரவை முதலில் குறைத்த கடை என்ற பேரை எடுக்க எவருக்கும் துணிவில்லை. கணக்கைப் புரிந்துகொள்ளாமல் அடைபட்டிருந்தபோது எனக்கு ஒரு மயக்கமாவது இருந்தது. புரிந்துகொண்ட பின் அந்தத் தெருவின் நீளமும் அகலமும் துல்லியமாகத் தெரிந்தன.

முதலாளியின் கடிதம் அடுத்த நாகப்பட்டினக் கப்பலில் வந்தது. நலம் விசாரித்திருந்தார். என் பெண்ணைக் கோயிலில் கண்டதாகவும், என் ஜாடை என்றும் எழுதியிருந்தார். கீழே காரியம். நம் பேரேட்டில் முருகன் கடனாளியாக ஒரு நாளும் நிற்கலாகாது. தெருவார் தந்தால் நன்று. தராவிடில் கொடுத்தவர் பேரில் எழுதி, முருகன் பேரை நேர்செய்துவிட்டுப் புதிய பேரேடு தொடங்குக. கொடுத்தவர் விரும்பினால் அடுத்த தவணையும் நம் கடையிலேயே இரண்டாம் ஆளாக இருந்து, சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம்.

புதியவர் அதை இரண்டு முறை படித்தார். "தம்பி, இன்னொரு தடவை தெருவுக்குப் போய்ட்டு வாங்க. நான் காத்திருக்கேன்" என்றார். போய்வந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். மைக்கூட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அன்று மாலை கோயிலில் நின்றேன். வழக்கமாக ஓதுவதை ஓதத் தொடங்கி, இரண்டாம் அடியில் நிறுத்திக்கொண்டேன். பாடியவர்கள் கேட்டார்கள், அவர்களுக்குக் கிடைத்தது என்று பெரியோர் சொல்கிறார்கள். நானும் கேட்டேன். அர்ச்சகர் தட்டை நீட்டினார். விபூதி எடுத்துப் பூசிக்கொண்டு திரும்பினேன். பெருமான் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் எதையும் வாங்கவில்லை, எதையும் தர ஒப்பவும் இல்லை. அவன் பேரில் நாங்கள் எழுதினோம், நாங்களே அஞ்சினோம்.

மறுநாள் காலை பழைய பேரேட்டை மீண்டும் திறந்தோம். முதற்பக்கத்தில் இடப்பாதியில் முருகன் பேரில் வரவு எழுதினேன். பிறகு எனக்கென்று ஒரு பக்கம் திறந்து, வலப்பாதியில் அதே தொகையை என் பேரில் பற்று எழுதினேன். எழுதும்போதுதான் இரட்டைப் பதிவு என்பது எவ்வளவு இரக்கமற்றது என்று விளங்கியது. ஒரு பக்கத்திலிருந்து எடுத்த தொகை கரைந்துபோவதில்லை. நியாயம் எந்தப் பக்கம் என்று பேரேடு கேட்பதும் இல்லை. அது போய் அமர இன்னொரு பக்கம் வேண்டும். தெருவார் யாரும் இடம் தராதபோது, விலகிக்கொள்ள இயலாதவன் பக்கத்தில் போய் அமர்கிறது. அமர்ந்தவுடன் ஐந்தொகை நேர்நின்றுவிடுகிறது. முன்பும் நேர்நின்றது, இப்போதும் நேர்நின்றது. நடுவில் இடம் மாறியது நான் ஒருவன்தான்.

செய்தி கூடத்தின் கடைசிக் கடை வரையில் போயிற்று. பலர் எழுந்து வந்தார்கள். பக்கத்துப் பாய்க்காரர் என் கையைப் பற்றிக்கொண்டார். அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. "புண்ணியவான்யா நீங்க! முருகன் கடனையே சுமந்துட்டீக. யாருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்?" என்றார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். பின்னாளில் இதை என் பக்திக்குச் சான்றாகச் சொன்னவர்கள் உண்டு. நான் அதை ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை. கொடுப்பவன் கையை நீட்ட வேண்டும். நான் நீட்டவில்லை, என் பேரில் எழுதப்பட்டது. எழுதிய கை என்னுடையதாக இருந்தது, அவ்வளவே. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெருமான் அறிவான் என்ற நம்பிக்கையில்தான் பின்பு மீண்டும் ஓதத் தொடங்கினேன்.

புதியவர் குளித்து வந்து புதிய பேரேட்டை மடியில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் பல நாட்களாக இல்லாத தெளிவு. மஞ்சள் தடவினார். என்னை அருகில் அமர்த்தி, "நீங்க வாசிங்க, நான் எழுதுறேன்" என்றார். முருகன் பேர் நேர் என்று வாசித்தேன். அவர் புதிதாக ஒரு வெள்ளி நாணயத்தை எடுத்து வைத்து, முதற்பக்கத்து முதல் வரியில், நடுங்காத கையால், முருகன் பேரில் வரவு எழுதினார். கண்களில் ஒற்றிக்கொண்டார். நானும் ஒற்றிக்கொண்டேன்.

வெளியே ஆற்றுப்பக்கம் சங்கு ஊதியது. நாகப்பட்டினக் கப்பல். அவரும் கேட்டார், நான் கேட்டதையும் அவர் அறிவார். பேனாவை மையில் தோய்த்து, தாளைப் புரட்டி, மடிப்பை நகத்தால் அழுத்தினார்.

"அடுத்த பேரு?" என்றார்.

என் பேரைச் சொன்னேன்.